அடிக்கோடு போடாத வரிகள்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். இடுப்பு வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆட்களைத் தூக்கிப் புரட்டுகிற வேலைக்கு அது கூடவே வருவது. நீயும் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் இருமல் நின்றதா?

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்ல முடியவில்லை. போனை அவள் உன்னிடம் தருவதே இல்லை. தந்தாலும் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதனால் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் முதியோர் இல்லத்தின் மேலாளர் தற்காலிக ஆட்கள் நான்கு பேரையும் கூப்பிட்டார். வேலையில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். ஆங்கிலத் தேர்வு. கையால் எழுதுவது. ஒன்பதுக்கு ஆறு வாங்கினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளலாம். மே மாதம் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை.

பிள்ளைகளை. அந்த ஒரு வரியை நாலு தடவை படித்தேன். ஐந்து வயதில் என் மகளை உன் கையில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது அவளுக்கு ஒன்பது.

பேசுவதைச் சமாளித்துவிடுவேன். 'வாட்டர்', 'பெயின்', 'ஸ்லோலி'. இந்த மூன்றை வைத்தே நாலு வருடம் ஓட்டியிருக்கிறேன். எழுதுவது வேறு. என் அறையில் இருக்கும் சமையல்காரியும் தேர்வுக்குப் போகிறாள். "ஏங்க, நாம இங்க சமைக்கவும் முதுகு தேய்ச்சு விடவும்தானே வந்தோம், கட்டுரை எழுதவா வந்தோம்?" என்று என்னைக் கேட்கிறாள், நான்தான் கேள்வித்தாள் தயாரித்தவள் மாதிரி.

நீ ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் இருபது பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய். இருபத்தொன்றாவதாக என்னைச் சேர்த்துக்கொள். வாரம் ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறேன், ஒரு வரி விட்டு ஒரு வரி. தப்புக்குச் சிவப்பில் அடிக்கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி அனுப்பு. திருத்தியதைப் பத்து முறை எழுதுவேன். அடிக்கோடு போடாத வரிகளைத் தனியாக ஒரு நல்ல நோட்டில் ஏற்றி மனப்பாடம் செய்துகொள்வேன். வாய்ப்பாடு படித்தது போல. என் மண்டைக்கு அது ஒன்றுதான் வழி, உனக்குத் தெரியாததா.

முதல் பக்கம் இதோடு இருக்கிறது. சிரிக்காதே.

உன் அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். இருமல் போய்விட்டது. உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது கொடுப்பதாகச் சொல்கிறாயா?

பக்கம் வந்தது. நாற்பத்தோரு இடத்தில் அடிக்கோடு. நான் எண்ணவில்லை. வாலு எண்ணினாள்.

"சித்தி, அம்மாவுக்கு நாப்பத்தோரு தப்பா?"

"ஆமா."

"நானா இருந்தா பெஞ்சு மேல நிக்க வச்சிருப்பீங்க."

"உங்கம்மாவைத் தாங்குற பெஞ்சுக்கு எங்க போறது?"

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பக்கத்தின் மூலையில் ஒரு நட்சத்திரம் போட்டாள். அது அவள் மதிப்பீடு, என்னுடையது அல்ல.

உன் சிக்கல் இதுதான். தமிழில் யோசித்து, சொல்லுக்குச் சொல் மாற்றுகிறாய். வினைச்சொல் கடைசியில் போய் நிற்கிறது. நேற்று நடந்ததும் நாளைக்கு நடக்கப்போவதும் ஒரே காலத்தில் வருகின்றன. உன் வாக்கியங்களில் எல்லாமே இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. சரிசெய்துவிடலாம். சென்டரில் இதைவிட மோசமானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்டர் அப்படியேதான். மருந்துக் கடைக்கு மேல் மாடி. பதினெட்டு நாற்காலி, இருபது பேர். கடைசியாக வருகிற இரண்டு பேர் ஜன்னல் கட்டையில் உட்காருகிறார்கள். நேரத்துக்கு வரப் பழக்குவதற்காகவே நான் நாற்காலி கேட்கவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

தேர்வு எதற்கு என்று வாலுவிடம் சொல்லவில்லை. ஆறு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பட்டது. நீயும் போனில் சொல்ல வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை

*

பிப்ரவரி 15

என் வாத்தியாரம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம் என்று போனில் கேட்டாலும் எழுத்தில் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

உன் உறைகளைச் சாப்பாட்டு அறையில் வைத்துப் பிரிப்பதை நிறுத்திவிட்டேன். போன தடவை சமையல்காரி எட்டிப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது, தாள்ல யாரையாவது வெட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அறைக்குப் போய் உடனே எழுத உட்காரவில்லை. இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. பெரிய தப்புகளை மட்டும் இப்போதைக்குப் போடு. சின்னச் சின்னதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சிவப்பு அதிகமாகத் தெரிந்தால் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடுகிறது. உனக்கு அந்த ஞாபகம் நல்லதாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை.

இல்லத்துக்குப் பின்தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. இடைவேளையில் பிள்ளைகள் கத்துவது குளியலறை வரைக்கும் கேட்கும். நான் குளிப்பாட்டுகிற பெரியவர் ஒருவர் அந்தச் சத்தம் வந்தால் கையைத் தூக்கி என்னை நிறுத்திவிட்டுக் கேட்பார். ஈரத்தோடு. நானும் நிற்பேன்.

இந்த வாரப் பக்கத்துக்கு நீ கொடுத்த தலைப்பு 'அடுத்த வருடம்'. ஆசையாக எழுதினேன். தப்பு நிறைய இருக்கும். பார்த்துப் போடு.

அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

நலம். வாலுவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது விட்டுவிட்டது. போனில் சொல்லவில்லை. அங்கிருந்து நீ என்ன செய்ய முடியும்?

நீ கேட்டபடி குறைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் பதினொன்று.

சென்டரில் நேற்று ஒரு வேடிக்கை. தையற்காரர் ஒருவர் படிக்க வருகிறார், ஐம்பது வயதிருக்கும். திடீரென்று எழுந்து கேட்டார். "மேடம், 'நாம', 'நாங்க', ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைதானா?" ஆமாம் என்றேன். "அப்போ எதிர்ல நிக்கிறவன், தன்னையும் சேர்த்துச் சொல்றாங்களா, கழட்டி விட்டுட்டுச் சொல்றாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்குவான்?" வகுப்பே சிரித்தது. சூழலைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. உட்கார்ந்த பிறகும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

'அடுத்த வருடம்' படித்தேன். இரண்டு தடவை. நன்றாக எழுதியிருக்கிறாய்.

வாலு இப்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். ஒரு விரல் இடம்தான் பாக்கி.

வேறு ஒன்றுமில்லை.

தங்கை

*

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

நான் நலம். நலம் என்று எப்போதும் எழுதுவதுதான், ஆனால் இன்றைக்கு நிஜமாகவே.

போன வாரப் பக்கத்தில் நாலே நாலு. அதற்கு முந்தையதில் ஆறு. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. சமையல்காரியிடம் காட்டினேன். அவள் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கு மை தீர்ந்துபோச்சா?" என்றாள். பொறாமை. அவளுக்குத் திருத்திக் கொடுக்க யாரும் இல்லை. சனிக்கிழமை நூலகத்தில் நடக்கும் இலவச வகுப்புக்குப் போகிறாள். என்னையும் கூப்பிட்டாள். எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நல்ல நோட்டில் ஐம்பத்தெட்டு வரி ஏறிவிட்டது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து ஒப்பிக்கிறேன். போர்வை மாற்றும்போதும் வாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெரியவர் ஒரு நாள் என் உதட்டைக் காட்டி, பிரார்த்தனையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பின்தெருப் பள்ளிக்கூடத்துக்குள் போயே விட்டேன். தலைமையாசிரியை நின்று பேசினார். வரும் ஜனவரி வரைக்கும் ஒரு இடம் வைத்திருக்க முடியும், அதற்கு மேல் முடியாது என்றார். வகுப்பறையை எட்டிப் பார்த்தேன். ஆணிகளில் பைகள் தொங்கின. ஓர் ஆணி காலியாக இருந்தது. யாரோ ஒரு பிள்ளை அன்றைக்கு வராமல் இருந்திருக்கும். ஆனாலும்.

தேர்வு மே 18. உன்னால்தான் இது. அங்கே இருந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அக்கா

*

ஏப்ரல் 24

அக்கா,

நலம்.

இந்தப் பக்கத்தில் திருத்த ஒன்றும் இல்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

வகுப்புகள் அதிகம். நீளமாக எழுத முடியவில்லை. தேர்வு அறைக்குள் நுழையும் முன் தண்ணீர் குடி. கடிகாரத்தை அடிக்கடி பார்க்காதே.

தங்கை

*

ஜூன் 29

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஏழு வாரம் நான் எழுதாமல் இருந்தது அதனால் அல்ல. போனில் நீ கேட்டபோது இன்னும் முடிவு வரவில்லை என்றேன். ஜூன் 10ஆம் தேதியே வந்துவிட்டது.

நாலு.

சமையல்காரிக்கு ஆறு. அவள் அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் பையன்கள் இரண்டு பேரும் ஆகஸ்டில் வருகிறார்கள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். தயங்கி எழுதியிருந்தால், தெரியாமல் விட்டிருந்தால் ஏற்றுக்கொள்வேன். எல்லாம் தெரிந்ததாகவே இருந்தது. நல்ல நோட்டிலிருந்து வரி வரியாக வந்து விழுந்தது. நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே எழுந்து வெளியே வந்தேன். வராந்தாவில் நின்று, ஜன்னல் வழியாக மற்றவர்களைப் பார்த்து அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன். நான்.

உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாத்திரம் ஓட்டையாக இருந்தால் ஊற்றுகிறவள் என்ன செய்வாள்?

நவம்பரில் கடைசி வாய்ப்பு. அதற்கு மேல் அந்தப் பள்ளி இடத்தை வைத்திருக்காது. அடுத்த வருடம் விதி என்னவாக இருக்கும் என்று மேலாளருக்கே தெரியாது. இனி வாரம் இரண்டு பக்கம் அனுப்புகிறேன். உனக்குச் சிரமம்தான். வாலுவிடம் ஒன்றும் சொல்லாதே. அவளுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று.

அக்கா

*

ஜூலை 14

அன்புள்ள அம்மாவுக்கு,

வாலு எழுதுவது. நீ நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். சித்தியும் நல்லா இருக்காங்க.

எங்க டீச்சர் எல்லாரும் ஒரு கடிதம் எழுதணும்னு சொல்லிட்டாங்க. தாத்தாவுக்கோ மாமாவுக்கோ எழுதலாம். நான் உனக்கு எழுதுறேன்னு சொன்னேன். ரொம்ப தூரமாச்சேன்னு டீச்சர் கேட்டாங்க. பரவாயில்லன்னு அவங்களே ஸ்டாம்ப் ஒட்டுறாங்க. சித்திக்குத் தெரியாது. நீ போன்ல சொல்லும்போது சித்தி ஆச்சரியப்படணும்.

எனக்குப் பல்லு ரெண்டு விழுந்து ரெண்டு முளைச்சிருக்கு. ஒண்ணு கோணல். நான் வகுப்புல மூணாவது உயரம்.

அம்மா, நீ சித்திகிட்ட ஒண்ணு சொல்லணும். சித்தி எனக்கு மட்டும் எல்லாத் தப்பையும் சிவப்புல அடிக்கிறாங்க. ஒரு எஸ் விட்டாக்கூட அடிக்கிறாங்க, அம்பது தடவை எழுத வைக்கிறாங்க. உன் பேப்பர்ல அதே தப்பு இருந்துச்சு. நான் காட்டினேன். இது தப்புதானே, எனக்கு அடிச்சீங்களேன்னு கேட்டேன். சித்தி பேனாவை மூடி வச்சிட்டாங்க. அம்மாவுக்கு மெதுவாச் சொல்லிக்கலாம், நீ போய் விளையாடுன்னாங்க. அடுத்த பேப்பர்லயும் இருந்துச்சு. அப்பவும் அடிக்கல. உனக்கு மட்டும் மெதுவா, எனக்கு வேகமாவா? எனக்கும் மெதுவாச் சொல்லிக்குடுக்கச் சொல்லு.

டீச்சர் ஒரு பக்கம் போதும்னு சொல்லிட்டாங்க.

இப்படிக்கு உன் அன்பு மகள் வாலு

*

ஆகஸ்ட் 3

தங்கைக்கு,

வாலு பள்ளியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். அவளைத் திட்டாதே. அவள் எதையும் நினைத்து எழுதவில்லை.

சனிக்கிழமை நூலக வகுப்புக்குப் போனேன். அங்கே சொல்லிக்கொடுக்கும் அம்மாள் கண்டிப்பானவர், சிரிக்க மாட்டார். நல்ல நோட்டைக் கொடுத்தேன். நின்றுகொண்டே ஒரு பக்கம் படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். இதை யார் திருத்தியது என்று கேட்டார். யாரும் திருத்தவில்லை, இவை திருத்தம் தேவைப்படாத வரிகள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு அவர் மூன்று பக்கம் திருத்தினார். நான் எண்ணவில்லை.

வாலுவின் இந்த வருட ஆங்கில வீட்டுப்பாட நோட்டு, நீ திருத்தியது, எனக்கு வேண்டும். அனுப்பு.

அக்கா

*

ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

நோட்டு இதோடு இருக்கிறது. தொலைந்துவிட்டது என்று எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். உறையை மூடும் வரைக்கும் நினைத்தேன்.

நீ பார்க்கப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். அவள் நோட்டில் நான் எதையும் விடவில்லை. உன் பக்கங்களில் விட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

தொடங்கியது பிப்ரவரியில். 'அடுத்த வருடம்' பக்கம். நீ எழுதியிருந்தாய்: வீட்டில் இரண்டு அறை. பள்ளிக்கூடத்தைப் பார்க்கிற ஜன்னல். இரண்டு கட்டில், இரண்டு தட்டு, கதவுக்குப் பின்னால் இரண்டு குடை. இரண்டு, இரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பத்தியில் வினைச்சொல் எல்லாம் தவறு. அடிக்கோடு போடக் குனிந்தேன். அந்த வீட்டை என் கையாலேயே சரிசெய்து கொடுப்பது போல இருந்தது. பேனாவை மூடினேன். சின்னத் தப்புகளை விடு என்று நீதான் கேட்டிருந்தாய் என்று சொல்லிக்கொண்டேன். அவை சின்னத் தப்புகள் இல்லை.

அதற்குப் பிறகு எளிதாக இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். மிச்சத்தை நீயே செய்துகொண்டாய், நல்ல கையெழுத்தில். காலை ஐந்தரைக்கு எழுந்து ஒப்பிக்கிறேன் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை அலமாரிக்குள் துணிக்கு அடியில் வைத்தேன். அப்போதாவது எழுதியிருக்கலாம். மே தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நீ மீண்டிருப்பாய். ஏப்ரலில் வந்த பக்கத்தில் இருபத்தாறு தவறு இருந்தது. அதைத்தான் அப்படியே திருப்பி அனுப்பினேன்.

அவள் என்னிடம் வந்தபோது எனக்கு இருபத்தாறு. இப்போது முப்பது. யாராவது வீட்டுக்கு வந்து, பெண் பார்க்கலாமா என்று கேட்டால், "குழந்தை இருக்கு" என்று நானே முதலில் சொல்லிவிடுவேன். யாருடைய குழந்தை என்று அவர்கள் அடுத்துக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் இருக்கிற நிமிடம் எனக்குப் பிடிக்கும். இதைக் காரணமாக எழுதவில்லை. உண்மையாக எழுதுகிறேன்.

ஜூனில் நீ பாத்திரம், ஓட்டை என்று எழுதியதைப் படித்த பிறகும் சும்மா இருந்தேன். அதுதான் மோசம். அதற்கு முன்னால் செய்தது எல்லாம் அதைவிடக் குறைவு.

உன் பக்கங்களை அனுப்பினால் முதலிலிருந்து திருத்தித் தருகிறேன். அனுப்ப மாட்டாய் என்று தெரியும். வாரா வாரம் நானே பயிற்சித் தாள் தயாரித்து அனுப்புகிறேன். செய்வதும் செய்யாததும் உன் விருப்பம்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் கேட்கிறேன்.

தங்கை

*

டிசம்பர் 19

தங்கைக்கு,

ஆறு வந்துவிட்டது. ஆறேதான், அதற்கு மேல் கால் கூட இல்லை.

ஆகஸ்டிலிருந்து நான் எழுதவில்லை. போனிலும் வாலுவோடு பேசிவிட்டு வைத்துவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை, வேலை இருப்பதால் எழுதுகிறேன்.

உன் பயிற்சித் தாள்கள் எல்லாம் வந்தன. முதல் மூன்று உறையைப் பிரிக்கவில்லை. நாலாவதைப் பிரித்து, நூலகத்து அம்மாளிடம் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகுதான் செய்தேன். அதற்கப்புறம் வந்த ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் செய்தேன். ஒரு தடவை அவர், "இதை யார் தயாரிக்கிறாங்க? நல்லா கத்துக்குடுக்குற ஆளு" என்று சொன்னார். யாரோ என்றேன்.

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது என்று எழுதினால் அது பொய். இல்லவே இல்லை என்று எழுதினாலும் பொய்யாகிவிடுமோ என்று இருக்கிறது. அதனால் இரண்டையும் எழுதவில்லை.

கட்டில் விஷயம். மூன்றாவதாக ஒன்று வேண்டுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே தங்கைகளைக் கூட்டிக்கொள்ள விதி இல்லை. ஆனால் விதியைப் பார்த்து நான் இரண்டு என்று எழுதவில்லை. நினைக்காமலேயே எழுதினேன். நீ எனக்குச் செய்ததற்கு இது ஈடு இல்லை. இருந்தாலும் இதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

ஜனவரி 28 பயணம். விமானத்தில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வாலுவிடம் நீயே சொல்லிவிடு, நான் போனில் சொன்னால் உன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் பதில் சொல்வாள்.

இப்போது என் வேலை. போன ஞாயிறு, இடி இடித்தால் பயப்படுகிறாயா என்று அவளிடம் கேட்டேன். "அம்மா, எனக்குப் பத்து வயசாயிடுச்சு" என்று சிரித்தாள். எனக்குத் தெரிந்தது ஐந்து வயதுப் பிள்ளையை. அந்தப் பிள்ளைக்கு இடி என்றால் பயம், ஆப்பிளைத் தோல் சீவினால்தான் தின்பாள், தனியாகக் குளிக்க மாட்டாள். அந்தப் பிள்ளை இப்போது எங்கேயும் இல்லை. வரப்போகிறவளை எனக்குத் தெரியாது. விமானத்திலிருந்து இறங்குகிற பெண்ணிடம் நான் எதையும் தப்பாகச் செய்துவிடக் கூடாது.

அவளைப் பற்றி எனக்கு எழுது. எல்லாவற்றையும்.

அக்கா

*

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். உன் நலத்தைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

அவளிடம் சொல்லிவிட்டேன். வகுப்பு முடிந்து வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முதலில் குதித்தாள். பிறகு ஒரு ஷூவோடு நின்றுகொண்டு, "நீங்க?" என்றாள். "நான் இங்கதான்" என்றேன். "எப்போ வருவீங்க?" "தெரியலடி." அவள் அந்த இன்னொரு ஷூவைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் எழுதச் சொன்னாய். வரிசையாக வரவில்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

ஆப்பிளைத் தோலோடு தின்பாள். பால் குடித்துவிட்டேன் என்றால் நம்பாதே, கழுவுதொட்டியைப் பார். கணக்கு நன்றாக வரும், ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் தப்பாகப் போடுவாள். காய்ச்சல் வந்தால் சொல்ல மாட்டாள். அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினால் காய்ச்சல் என்று வைத்துக்கொள். கோபம் வந்தால் பேசாமல் அலமாரியை அடுக்குவாள். அடுக்கி முடிக்கிற வரைக்கும் கிட்டே போகாதே. முடித்ததும் அவளே வருவாள். தலை வாரும்போது வலித்தால் கத்த மாட்டாள், தோளைத் தூக்குவாள். அதைக் கவனி.

பொய் சொல்வாள். சின்னதாக. கண்டுபிடித்ததும் உடனே கேட்காதே. ஒரு மணி நேரம் விடு. தானாக வந்து சொல்வாள். என்னைவிட நல்லவள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு தடவை. எட்டு வயதில். பிரிந்து போய்விட்டார், உன்னால் அல்ல என்று சொன்னேன். வேறு எதுவும் நான் சேர்க்கவில்லை. அங்கே வந்து உன்னிடம் மறுபடி கேட்பாள். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் நல்லது.

முதல் சில வாரம் என்னைக் கேட்பாள். உன்மேல் எரிந்து விழுவாள், சித்தி இப்படிச் செய்ய மாட்டாங்க என்பாள். நீ வருத்தப்படாதே. போன் கேட்டால் ஒரு மாதம் தராதே. என் குரலைக் கேட்டால் அவள் அங்கேயும் இருக்க மாட்டாள், இங்கேயும் இருக்க மாட்டாள். இரண்டு ஊரிலும் இல்லாமல் ஒரு பிள்ளை எப்படி இருக்கும் என்று நீ விட்டுப் போன முதல் வருடத்தில் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் உன் போனுக்குப் பிறகு இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். அதை அப்போது உனக்கு நான் எழுதவில்லை. அவளாகவே போன் கேட்க மறக்கிற ஒரு ஞாயிறு வரும். அதற்கு அடுத்த ஞாயிறு வேண்டுமானால் கூப்பிடு.

கடைசியாக ஒன்று. தூங்குவதற்கு அவளுக்குக் காது வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவர் காது மடலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால்தான் கண் மூடும். பத்து வயதில் இப்படியா என்று நினைப்பாய். வெளியே யாருக்கும் தெரியாது, தெரிந்தால் அவளுக்கு வெட்கம். நீ போன வாரத்தில் வந்த பழக்கம் இது. இரண்டு கட்டில் வாங்கியிருந்தால் முதலில் ஒன்றே போதும். அவள் சுவர் பக்கம் படுப்பாள். நீ மல்லாந்து படுத்து, அந்தப் பக்கத்து முடியைப் பின்னால் ஒதுக்கி வைத்துக்கொள். கம்மலைக் கழற்றிவிடு. நன்றாகத் தூங்கிய பிறகு விரல் தானாகத் தளரும். வலித்தாலும் அதற்கு முன்னால் அவள் கையை எடுத்துவிடாதே.

தங்கை